ராணி மேய்ந்த வேப்பஞ்சேலை

ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் தலையில் எந்தப் பொறுப்பையும் கட்டிவிடலாம். மறுத்துப் பேச அவனுக்குத் தெம்பு இருக்காது. அக்கா வீட்டுக் குதிரையின் உண்ணி அப்படித்தான் என் பொறுப்பானது.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, புதுவாயலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவேன். மாமா, ராணி என்ற அந்தக் குதிரையைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவர். குடும்பமே அவள் முதுகில்தான் ஓடியது. அந்த வருடம் காதிலும் வாலடியிலும் உண்ணி அப்பி, காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். டாக்டர் ஊசி போட்டு எழுப்பினார்.

மறுபடி உண்ணி ஏறாமலிருக்க, வீடியோவில் ஒருவர் சொன்னபடி தீவனத்தில் கொஞ்சம் வேப்பிலையும் வெல்லமும் சேர்த்துக் கொடுத்தேன். (அவர் குதிரை வைத்திருந்தாரா என்று தெரியாது.) முதலில் துப்பினாள். பிறகு வேப்பமரத்தைக் கண்டாலே கனைத்தாள். தினமும் உட்கார்ந்து உண்ணியைக் கையால் பிடுங்கியதும் நான்தான். உண்ணி போனது. பேர் வேப்பிலைக்குப் போனது.

ராணி பிழைத்தால் பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டி அம்மன் கோயிலைச் சுற்றுவதாக அக்கா வேண்டியிருந்தாள். "ராணியும் வந்து ஆத்தாவப் பாக்கட்டும்" என்றாள். மினி லாரியில் ஏற்றிப் போனோம். கயிறு என் கையில். அக்கா புடவைக்கு மேல் வேப்பிலை கட்டி, கும்பிட்டபடி கிளம்பினாள். நான் நின்றபடியே தூங்கிவிட்டேன். (அந்த உரிமை குதிரைக்கு மட்டும்தானாம்.)

கண் திறந்தால் கயிறு இல்லை. ராணி அக்காவின் பின்னால் நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். சேலையில் பாதி காலி.

"டேய் சேகரு! இன்னாடா பண்ணிக்கினு கீற? ஆத்தா கோச்சிக்கினா குதிர மறுபடி படுத்துக்குமேடா!" அக்கா அழுதேவிட்டாள்.

வேப்பிலை விற்ற அம்மா, "யாருக்கோசரம் வேண்டிக்கின?" என்றார்.

"குதிரைக்கு."

"அதுவே எட்துக்கிச்சி. உடும்மா."

அக்கா விடவில்லை. "பேஜாரு பண்ணது இவன். மிச்சத்த இவனே கட்டிக்கினு சுத்தட்டும்."

கடையில் டீ கேட்கவே கூச்சப்படுகிற நான், சட்டைக்கு மேல் வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். எதிரே எங்கள் சூப்பர்வைசர், குடும்பத்தோடு. என்னைப் பார்த்துக் கைகூப்பினார். (கம்பெனியில் ஏறிட்டும் பார்க்காதவர்.) பின்னால் ராணியைப் பிடித்திருந்த மாமாவின் குரல்: "சீக்கிரம் போ மச்சான், இழுக்குது, என்னால புடிக்க முடியல!"

அந்த சீசனில் ராணி ஓர் ஊர்வலத்தையும் தவறவிடவில்லை. நான்தான் கேலியிலிருந்து தப்பவில்லை. போன மாதம் என் பெண்ணைப் பார்க்க வந்தார்கள். புதுச் சட்டையோடு நான் வெளியே வந்ததும், அவர்கள் எதிரிலேயே மாமா கத்தினார்: "குதிரைய இறுக்கிக் கட்டுங்கப்பா, மச்சான் டிரெஸ்ஸு போட்டுக்கினு வர்றாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.