மூன்று நகலில் ஒரு தீப்பெட்டிப் பட்டியல்

"1982 ஜூன், விமானப் பயணம். கைப்பை 1. உள்ளே: வேட்டி 2, சட்டை 2, பல்பொடி 1, சீப்பு 1 (இரண்டு பல் இல்லை), லேபிள் தாள் 1, புது ரகத் தீப்பெட்டி 48."

கார்பன் வைத்து நான் எழுதிய இந்தத் தாளின் மூன்றாம் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்பவன் மாட்டுவதைக்கூட எழுத்துமூலமாகத்தான் செய்வான்.

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) சரக்கு அனுப்பும் குமாஸ்தா. எங்கள் வாசலில் ஒரு வழக்கம். பட்டியலோடு வரும் மூட்டையைக் காவலாளி அவிழ்க்க மாட்டார். தாளைப் பார்த்துத் தலையாட்டுவார், அவ்வளவுதான். பட்டியல் இல்லாதவன் தூக்குவாளியைக்கூடத் திறந்து காட்டவேண்டும். உலகத்து வாசல் எல்லாம் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

பயண நாளன்று மாலை பம்பாயில் வியாபாரி ஒருவர் புது ரகத்தைப் பார்ப்பதாக இருந்தது. ஆர்டர் கிடைக்காவிட்டால் ஆபீஸில் பாதிப் பேரை வேலையைவிட்டு நிறுத்தவேண்டும். முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு முதன்முதலாக விமானம் ஏற மெட்ராஸ் வந்தார். விமான நிலையத்தில் சோதனை வரிசை நகரவே இல்லை. ஒவ்வொரு பையையும் கொட்டிப் பார்த்தார்கள்.

"ஏலே, கூடக் காசு கெட்டினா சீக்கிரம் விடுவானாலே?" என்றார் முதலாளி.

"காசு எதுக்கு அண்ணாச்சி? நம்மகிட்ட லிஸ்டு இருக்கு."

வரிசையைத் தாண்டிப் போய்க் காவலருக்கு ஒரு நகலும், மேசையில் இருந்த அதிகாரிக்கு ஒரு நகலும் கொடுத்தேன். (மூன்றாவது ஆபீஸ் கோப்புக்கு. முறை என்றால் முறை.)

காவலர் படித்தார். "கோவில்பட்டியா? நமக்குப் பக்கத்துல விளாத்திகுளம்லா!"

காரியம் முடிந்தது என்று பையைத் தூக்கினேன்.

"எங்கன போறீய? தீப்பெட்டின்னு போட்டிருக்கு?"

"ஆமா, நாப்பத்தெட்டு. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அண்ணாச்சி, விமானத்துல தீப்பெட்டி ஏத்தப்படாது. வாயால சொல்லியிருந்தா, 'எடுத்து வச்சிட்டுப் போங்க'ன்னு முடிச்சிருப்பேன். எழுதி, கையெழுத்துப் போட்டு, அய்யாகிட்டயும் ஒண்ணு குடுத்திட்டீயளே! இனி நானும்லா எழுதணும்?"

எழுதினார். தேதியைத் தப்பாகப் போட்டார், நான்தான் திருத்தினேன். பட்டியல் போடத் தெரியாத பாமரர்கள் எல்லாம் எங்களைக் கடந்து விமானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதலாளி பையிலிருந்து லேபிள் தாளை மட்டும் உருவிக்கொண்டார். "நீ இருந்து எழுதிக் குடுத்துட்டு வா. ஒனக்குப் பிடிச்ச சோலிதானல."

பம்பாயில் வியாபாரி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குச்சி பற்றுமா என்று கேட்டாராம். "பத்தும்னு பயந்துதான போலீசே பிடிச்சு வச்சிருக்கு!" என்றாராம் முதலாளி. வியாபாரி விழுந்து விழுந்து சிரித்து ஆர்டர் கொடுத்தார். ஆபீஸில் யாரையும் நிறுத்தவில்லை. என்னை வெளியூர் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இன்றைக்கும் எச்சரிப்பாள்: "இவியகிட்ட ரகசியம் எதுவும் சொல்லீராதீய. கேக்கதுக்கு முந்தியே எழுதிக் குடுத்துருவாவ."

பிடித்து வைத்த தீப்பெட்டிகளில் ஒன்றை அந்தக் காவலர் பின்பக்கம் கொண்டுபோய் உரசிப் பார்த்ததாகவும், மூன்று குச்சி கிழித்தும் ஒன்றுகூடப் பற்றவில்லை என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. முதலாளி கடைசிவரை மறுத்தார். எழுத்தில் ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை; எனவே இது உறுதி செய்யப்படாத செய்தி.