கடல் மிருகத்துக்கு மூக்குக்கண்ணாடி

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வியாதி உண்டு. கையில் கிடைக்கும் காகிதத்தையெல்லாம் லேமினேட் செய்துவிடுவோம். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், (சிரிக்காதீர்கள்) அப்பாவின் முதல் லீவ் லெட்டர் எல்லாம் குரோம்பேட்டை வீட்டு பீரோவில் பளபளக்கின்றன. அந்த வியாதி என் கல்யாணத்தையே காவு வாங்கப் பார்த்தது.

ஷீலாவைப் பெண் கேட்டு தாம்பரம் போயிருந்தேன். அவள் அப்பா ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். யோசித்துச் சொல்கிறேன் என்றவர், ஒரு பழைய மதராஸ் வரைபடத்தை எடுத்து வந்தார். செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. கோட்டையைவிடக் கப்பல் பெரிதாக இருந்தது. காசு கொடுத்து வரையச் சொன்னவர்கள் வியாபாரிகளாம். கடலோரத்தில் செதிலும் கோரைப்பல்லுமாக ஒரு மிருகம்.

"தெரியாத இடம்னா இதைப் போட்டுடுவாங்க தம்பி. ஆபத்துன்னு அர்த்தம்" என்று சொல்லி, என் விரலைப் பிடித்துக் கோடுகளின் மேல் வைத்தார். மை மேடாகத் தட்டுப்பட்டது. பிறகு, போகிற வழியில் அதை ஃபிரேம் போடக் கொடுக்கச் சொன்னார். பெண்ணைக் கொடுக்குமுன் வைக்கும் பரீட்சை என்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஃபிரேம் கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஓரம் கிழிந்த காகிதம், தூறல் வேறு. லேமினேட் செய்து கொடுத்தால் பூரித்துப்போவார் என்று நினைத்தேன். (மூளை இருந்திருந்தால் நினைத்திருக்க மாட்டேன்.) கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

"மெஷின்ல போவல சார். ஓரமா வெட்டிட்டேன். கடல்தான, சும்மாதான கீது" என்றார் கடைக்காரர்.

குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். மிருகத்தின் வால் மட்டும் கிடைத்தது.

ஷீலாவின் அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். பிளாஸ்டிக் மேல் விரலை வைத்து நகர்த்தினார். மறுபடியும் நகர்த்தினார்.

"விரலுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

ஷீலா என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க மூக்குக்கண்ணாடி நனைய அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் மானம் தப்பியது.

எட்டு மாதம் பதிலே இல்லை. எல்லாம் முடிந்தது என்றே இருந்தேன். பிறகு ஒருநாள் ஷீலா போன் செய்தாள். "அப்பாவுக்குக் கோபம் போகலை. ஆனா உன்னை வெளியில விட்டா வேற யாரோட மேப்பையாவது கெடுத்துடுவியாம். அதனால சரின்னுட்டார்."

அழைப்பிதழின் பின்பக்கத்தில் சர்ச்சுக்கு வழிகாட்டும் படத்தை அவரே வரைந்தார். தாம்பரம் ஸ்டேஷன், ரயில் பாதை எல்லாம் பொடிக்கோடுகளில். ஸ்டேஷனைவிட சர்ச் பெரிது. குரோம்பேட்டையில், சரியாக எங்கள் தெரு இருக்கும் இடத்தில், செதிலும் கோரைப்பல்லுமாக அந்த மிருகம். மூக்கில் என் கண்ணாடி.

சொந்தக்காரர்கள் அத்தனை பேர் வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இன்றும் ஷீலாவின் சித்தி, "மிருகம் சாப்பிட்டாச்சா?" என்றுதான் விசாரிக்கிறார்.

அந்த அழைப்பிதழ் ஒன்றை மட்டும் ஆசையாக எடுத்து வைத்திருந்தேன். அம்மா அதை லேமினேட் செய்துவிட்டாள்.