இரவல் கட்டிலும் இரண்டரை மணித் தூக்கமும்

நான் அதிகம் படித்தவன் அல்ல. ஆனால் செல்போனில் அதிகம் வீடியோ பார்ப்பவன். என் வாழ்க்கையின் பெரும்பாலான அசம்பாவிதங்களுக்கு இரண்டாவதுதான் காரணம்.

மனைவிக்குச் சென்னைக்கு மாற்றலானது. மகளோடு அவள் முன்னால் போய்விட, வங்காளத்தில் எங்கள் பெஹாலா வீட்டை விற்றுவிட்டு வந்துசேரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஐந்து மாதமாகக் காலி ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். “எப்பப்பா வருவ?” என்று மகள் போனில் கேட்கும்போதெல்லாம் “அடுத்த வாரம்” என்றேன்.

காலி வீடு யாருக்கும் பிடிக்காது, உள்ளே ஒரு குடும்பம் சந்தோஷமாக வாழ்வதுபோல் காட்ட வேண்டும் என்றது ஒரு வீடியோ. வெள்ளையடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்றாள் மனைவி. (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை ஏது?)

கரியாஹாட் சந்தையில் திரைச்சீலை வாங்கினேன். கீழ்வீட்டுக் காக்குவிடம் (வங்காளத்தில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் நமக்கு ஏதோ ஒரு முறை, இவர் சித்தப்பா) தேக்குக் கட்டிலையும் அணைத்துப் படுக்கும் உருட்டுத் தலையணையையும் இரவல் கேட்டேன். மதியச் சோறு முடிந்து இரண்டரைக்குத் தூங்கியாக வேண்டும், அதற்குள் கட்டில் திரும்ப வேண்டும் என்றார். வீடு பார்க்கிறவர்கள் பதினொரு மணிக்குத்தானே வருகிறார்கள் என்று தலையாட்டினேன்.

வரவேண்டியவர் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த தமிழ் அதிகாரி. நெரிசலில் மாட்டிக்கொண்டு, இரண்டே முக்காலுக்கு மெயின் ரோட்டிலிருந்து வழி கேட்டார். அழைத்துவர ஓடினேன். (கட்டிலா? சுத்தமாக மறந்துபோனேன்.)

ஹாலைப் பார்த்ததுமே அவர் மனைவிக்குப் பிடித்துவிட்டது. “வீட்ல ஆள் இருக்கற களை இருக்குங்க” என்றார். பூரித்துப்போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தேன்.

களை, லுங்கி கட்டிக்கொண்டு குறட்டை விட்டது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று காக்குவிடம் மாற்றுச் சாவி கொடுத்து வைத்த புண்ணியவானும் நான்தான்.

“யாரு சார் இவரு?” என்றார் அதிகாரி.

“சும்மா படுத்திருக்காரு” என்றேன். (இதைவிட நல்ல பதில் இன்றுவரை தோன்றவில்லை.)

காக்கு ஒரு கண்ணைத் திறந்தார். நாற்பது வருடமாக இந்தக் கட்டிலில்தான் தூங்குகிறேன், யார் வந்து சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று வங்காள மொழியில் நிதானமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அதிகாரிக்கு வங்காள மொழி தண்ணீர் பட்ட பாடு. காலி செய்யாத பழைய குடித்தனக்காரரோடு வீடு வாங்கிச் சீரழிந்த கதைகளும் அவருக்கு அத்துப்படி. “கோர்ட்டு கேஸெல்லாம் நம்மால ஆகாதுங்க” என்று மனைவியை இழுத்துக்கொண்டு இறங்கினார். அது இரவல் கட்டில் என்று தெருவரை பின்னால் ஓடிக் கெஞ்சினேன். வீடு விற்க ஒருவன் கட்டிலை இரவல் வாங்குவான் என்று யார் நம்புவார்கள்?

ஏழு மாதம் கழித்து, வெறும் சுவரோடுதான் வீடு விற்றது. மகளின் ஒரு பிறந்தநாள் நானில்லாமலே போனது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அவளுக்கு அப்படியொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. ஞாயிறு மதியம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் விருந்தாளிகள் வந்தால், அறைக்கதவை மெல்லச் சாத்திவிட்டுச் சொல்கிறாள்:

“உள்ள பழைய குடித்தனக்காரர் தூங்கறாரு. கிளப்ப முடியல. அம்மா கேஸ் போட்டிருக்காங்க.”