முதல்வரின் காரைப் பிடித்த பூசணிக்கொடி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அலுவலகக் கோப்புகளில் எழுதிய பொய்யே இந்த ஜென்மத்துக்குப் போதும் என்பதால், உனக்காவது உண்மையை எழுதுகிறேன். நான் நலமாக இல்லை. காரணம் உன் மகள்.

"நீ கண்காணிப்பாளரா இருக்கற காலேஜ்லயே சேத்துவிடுடா, உன் கண் பார்வையில இருப்பா" என்றாயே, இப்போது நான்தான் அவள் கண் பார்வையில் இருக்கிறேன். அவளும் அவள் கூட்டாளிகள் பதினாறு பேரும் அலுவலகத்துக்குப் பின்னால் தோட்டம் போட்டிருக்கிறார்கள். பூச்சிமருந்து கிடையாது, உரமூட்டை கிடையாது, கல்லூரிக்குள் விழுகிற குப்பை எதுவும் வெளியே போகக் கூடாது. கேன்டீன் கழிவு முழுக்க என் ஜன்னலுக்கு நேர் கீழே மக்குகிறது. கைகழுவுகிற தண்ணீரைப் பாத்திக்குத் திருப்புகிறோம் என்று குழாயை மாற்றினார்கள். முதல்வர் தன் அறையில் கை கழுவினால் தண்ணீர் தட்டச்சு அறைக்குள் வந்தது. போன வாரம் பசியோடு டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், உள்ளே மண்புழு! நீ எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்த லட்சணம். அலறியடித்துக்கொண்டு ஓடினால், அவள் என் பாக்ஸைத் தன் மண்புழு பாக்ஸ் என்று நினைத்து, பார்க்காமலே என் சாப்பாட்டைத் திறந்த கையோடு குழியில் கவிழ்த்து மண்ணும் மூடிவிட்டாள். "விடுங்க மாமா, மண்ணு சாப்ட்டா நாம சாப்ட்ட மாதிரிதான்" என்கிறாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் ஒரு செடியைத் தொடுவதென்றாலும் கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள், அதுதான் வினை. முதல்வர் காரைத் தோட்டத்தை ஒட்டி நிறுத்திவிட்டு மூன்று வாரம் பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்தால் பூசணிக்கொடி சக்கரத்தில் ஏறி, கதவுப்பிடியைச் சுற்றி, பம்பருக்கு அடியில் பிஞ்சு விட்டிருக்கிறது. "வெட்டித் தள்ளுங்க" என்றார் முதல்வர். "கூட்டம் போட்டுத்தான் சார் சொல்ல முடியும்" என்றாள் உன் அருமை மகள். அங்கேயே போட்டார்கள். ஒன்பதுக்கு எட்டு. பூசணி ஜெயித்தது. முதல்வர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார், அதுவும் நின்றுகொண்டே.

மறுநாள் காலையிலேயே உத்தரவு: திங்கட்கிழமைக்குள் தோட்டத்தை மட்டமாக்கிக் கார் நிறுத்துமிடம் ஆக்கணும். ஆணையைத் தயார் பண்ணி அனுப்ப வேண்டியது யாரு? நான்தான். அவளைக் கூப்பிட்டு, "ஏண்டி, ஒரு பூசணிக்காய்க்காக மொத்தத் தோட்டத்தையும் காவு குடுத்துட்டியே, மூளை இருக்கா?"ன்னு கத்தினேன். வாயாடுவான்னு பார்த்தேன், ஆடல. "ரெண்டு வருஷம் மாமா. வெறும் கல்லும் கட்டடக் குப்பையுமா கெடந்த எடம். ஒவ்வொண்ணா கையால பொறுக்கினோம்" என்றாள். அவ கண்ணு கலங்கிடுச்சு. நான் கோப்பைப் புரட்டற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, போ"ன்னு விரட்டிட்டேன். ஓய்வு பெற ஏழு மாசம்தான் இருக்கு, இந்த நேரத்துல முதல்வரோட மல்லுக்கு நிக்க எனக்கென்ன பைத்தியமா? அதனால நீ அவளுக்கு போன் போட்டு நல்லா நாலு வார்த்தை கேளு. தோட்டமும் வேண்டாம், துரவும் வேண்டாம், படிக்கிற வேலையைப் பார்க்கச் சொல்லு.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவன் நன்றாகப் படிக்கட்டும், செடி கொடி பக்கம் போகாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
நொந்து நூலாகிப்போன உன் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடாமலே நாலு நாள் பையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை போய்விட்டது. ஆணை போகவில்லை. காரைப் பற்றியிருக்கும் கொடி அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்று கோப்பில் ஒரு சின்னச் சந்தேகம் எழுப்பினேன், அவ்வளவுதான். கட்டடப் பிரிவு அதைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிட்டது. சட்டப் பிரிவு இடத்தின் வரைபடம் கேட்கிறது. வரைபடம் என் பீரோவில் இருக்கிறது, சாவி என் இடுப்பில். ஒரு கோப்பை எப்படி நகரவிடாமல் வைப்பது என்பது ஒன்றைத்தான் இந்த முப்பத்தொரு வருஷத்தில் உருப்படியாகக் கற்றிருக்கிறேன். அவளுக்கு இது கடைசி வருஷம், நான் ஓய்வு பெறுவதற்குள் படித்து முடித்துவிடுவாள்; அதுவரை அது நகராது. அதனால் அவளைத் திட்டித் தொலைக்காதே. நான்தான் செய்தேன் என்றும் சொல்லாதே. தெரிந்தால் மாமாவுக்கு நன்றி சொல்லலாமா வேண்டாமா என்று கூட்டம் போட்டு ஓட்டு எடுப்பார்கள், நான் தோற்றாலும் தோற்றுவிடுவேன்.