மூடவா, தொறக்கவா?

பெரம்பலூர் மாவட்டத்தில் இதுவரை பெய்த மழை மொத்தத்தையும் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். தார்ப்பாய்க்காரர் என் மேல் பொழிந்த வசவை மறு தட்டில் வையுங்கள். வசவுதான் கனக்கும்.

பாடாலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற மனிதர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான். எங்கே போனாலும் மொபெட்டின் பின்னால் ஒரு நீலத் தார்ப்பாய் மடித்துக் கட்டியிருக்கும். ஒரு கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது மழை பிடித்துக்கொள்ள, ஓடிப்போய் சோற்று அண்டாவை மூடிவிட்டு, இலையில் உட்கார்ந்த சம்பந்தி வீட்டாரை நனைய விட்டார். "மனுசன் நனைஞ்சா காஞ்சிருவான். சோறு காயுமா?" என்று நியாயம் வேறு கேட்டார்.

நான் அப்போது விவசாயிகளின் போனுக்கு வானிலைச் செய்தி அனுப்பும் ஒரு திட்டத்தில் வேலை பார்த்தேன். எங்கள் மேனேஜருக்கு ஒரு கொள்கை: தினமும் 'மழைக்கு வாய்ப்பு' என்று அனுப்பிவிட வேண்டும்.

"மழ வரும்னு சொல்லி வரலைன்னா யாரும்மா கேக்கப்போறா? சொல்லாம வந்துட்டா நம்ம தலதான் உருளும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சம்பளம் வாங்குகிற வாய் என்ன பேசும்?

தார்ப்பாய்க்காரர் கேட்டார். பிடுங்கிய வெங்காயத்தை வயலில் காயப் போட்டிருந்தவர், எங்கள் செய்தியை நம்பி மூன்று நாள் மூடியே வைத்திருக்கிறார். ஒரு சொட்டு விழவில்லை. வெயிலில் உள்ளேயே புழுங்கி அத்தனையும் அழுகிப் போனது. நாலாம் நாள் ஒரு சாக்கைத் தூக்கி வந்து என் மேஜையில் கொட்டினார்.

"மோந்து பாரும்மா. இதான் உங்க மழ."

"வாய்ப்புன்னுதாண்ணே அனுப்புனோம்."

"வாய்ப்ப வெச்சுக்கிட்டு நான் என்னா பண்றது? காலைல எந்திரிச்சா எனக்கு ஒரே கேள்விதான். மூடவா, தொறக்கவா? அதச் சொல்லத் தெரியாத ஆபீசுக்கு ஃபேன் எதுக்கு?"

ஃபேனை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்குப் பிறகு, பயனாளிகளோடு சேர்ந்து திட்டமிடப்போகிறோம் என்று அரியலூரில் ஓர் ஏசி ஹாலில் கூட்டம் போட்டார்கள். மக்காச்சோளம் ஊன்றுகிற நேரத்தில் ஆட்களைக் கூப்பிட்டு, கலர் தாளில் விருப்பத்தை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கோபம் வந்தது. தார்ப்பாய்க்காரர் மூன்று தாள் ஒட்டினார். மூடு. தொற. தெரியல.

"மொத ரெண்டு சரிங்க" என்றார் மேனேஜர். "ஆபீஸ்லேர்ந்து தெரியலன்னு எப்புடிங்க அனுப்புறது? அசிங்கமா இருக்காது?"

"அழுகுன வெங்காயம் அசிங்கமில்லியா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. பாதிய மூடி, பாதிய தொறந்து போட்டுக்குவேன். நெசத்தச் சொன்னா நான் பொழச்சுக்குவேன்யா."

கூட்ட அறிக்கையில் மூன்றாவது தாள் இல்லை. எடுக்கச் சொன்னவர் மேனேஜர், எடுத்தவள் நான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த அறுவடையில் அவர் மறுபடி வெங்காயம் காயப் போட்டிருந்தார். ஸ்கிரீனில் ஒரு கணிப்பு மழை என்றது, இன்னொன்று வெயில் என்றது. மேனேஜர் வழக்கமான 'வாய்ப்பை' அனுப்பச் சொன்னார். நான் 'தெரியல' என்று தட்டி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது.

மறுநாள் சாக்கோடு வந்தார். மேஜையில் இருந்த காகிதங்களை நான் அவசரமாக ஒதுக்கினேன். அவர் கொட்டவில்லை, மெதுவாக இறக்கி வைத்தார். நல்ல வெங்காயம்.

"பாதி போச்சு, பாதி நின்னுச்சு. போன தடவ மொத்தமும்ல போச்சு."

போகிறபோது ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் எனக்கு மெமோ வந்தது. மாதக் கடைசியில் வேலையும் போனது.

இப்போது பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த ஆபீஸ் இன்னும் தினமும் 'வாய்ப்பு' அனுப்பிக்கொண்டிருக்கிறது, வெட்கமே இல்லாமல். வெங்காயம் பிடுங்கும் நாட்களில் காலை ஆறு மணிக்கு எனக்கு போன் வரும்.

"ஏம்மா, மூடவா, தொறக்கவா?"

"அண்ணே, எங்கிட்ட ஜெராக்ஸ் மெஷின்தான் இருக்கு. எனக்கெப்புடி தெரியும்?"

"தெரியலன்னு சொன்ன ஆளு நீ ஒருத்திதான். அதான் ஒன்னையக் கேக்கறேன்."

அந்த நாட்களில் ஐந்தே முக்காலுக்கே மாடியேறி, பாடாலூர்ப் பக்கம் வானத்தை ஒரு தரம் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.