பனியாற்றில் ஒரு தலை கூடுதல்

மெரியானா மறுபடியும் தலைகளை எண்ணினாள். ஒன்பது. காலையில் அவள் அழைத்து வந்தது எட்டுப் பேரை.

ஆள் குறைந்தால் என்ன செய்வதென்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூடினால் என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.

பனியாற்றின் மேல் மூடுபனி இறங்கியிருந்தது. எல்லோரும் ஒரே மாதிரி மழைக்கோட்டில், முகம் தெரியாமல் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அவள் தனியாக ஒரு குழுவை அழைத்து வருவது இதுதான் முதல் தடவை. ‘இதில் யார் கூடுதல்?’ என்று கேட்டால், நாளைக்கு அவளை நம்பி யார் பனிப்பிளவைத் தாண்டுவார்கள்?

"எல்லாரும் பேரும், பிடிச்ச சாப்பாடும் சொல்லுங்க பார்ப்போம்! சும்மா, குளிர் தெரியாம இருக்கத்தான்."

கடைசியில் நின்ற ஒல்லி மனிதர், "க்ளைட். ஆட்டுக்கறி வறுவல்," என்றார். குழுவில் வந்திருந்த லோர்னா அம்மாளின் மூட்டை அவர் முதுகில் இருந்தது.

மெரியானாவுக்கு உயிர் வந்தது. லோர்னாவின் வீட்டுக்காரர்! கடைசி நேரத்தில் சேர்ந்துகொண்டிருப்பார். மதியம் தன் ரொட்டியை அவருக்குக் கொடுத்துவிட்டு வெறும் டீயைக் குடித்தாள். மாலையில் குடிலுக்கு வந்ததும், இருந்த ஒரே தனியறையை அந்த இருவருக்கும் ஒதுக்கினாள்.

உள்ளே போன வேகத்தில் லோர்னா வெளியே வந்தார்.

"ஏம்மா, என் மூட்டையைத் தூக்கிட்டு வந்த ஆளு உள்ள சாக்ஸைக் கழட்டிட்டு இருக்காரே, யாரு அது?"

"உங்க வீட்டுக்காரர்தானே?"

"அவரைப் புதைச்சு ஆறு வருஷம் ஆச்சு, பொண்ணே!"

மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மெரியானாவுக்குக் காது சுட்டது.

க்ளைட் வெறுங்காலோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் வேற குழு. மூடுபனியில பிரிஞ்சு, உங்க பின்னாடி வந்துட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பசி பேசவைத்தது.

"கூட்டத்தை விட்டு விலகக் கூடாதுன்னு உங்க கைடு சொல்லலையா?"

"காலையிலேயே சொன்னாரு."

"ஆளைத் தொலைச்சிட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரா? என்ன கைடுங்க அவரு!"

"நல்ல மனுஷன்தான்," என்றார் க்ளைட், தரையைப் பார்த்தபடி. "மூடுபனின்னா கொஞ்சம் தடுமாறுவாரு."

அவர் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு மெரியானா வாக்கி-டாக்கியை எடுத்தாள். அதற்குள் கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து ஒரு கூட்டம் நின்றது.

"பயப்படாதீங்க! உங்க ஆளு ஒருத்தர் என்கிட்ட பத்திரமா இருக்காரு!" என்றாள் பெருமையாக.

முன்னால் நின்ற நரைத்தாடிக்காரர் எட்டிப் பார்த்தார். திரும்பி வெளியே குரல் கொடுத்தார்.

"எல்லாரும் உள்ள வாங்க, நம்ம கைடு கிடைச்சிட்டாரு!"