திரு. கிறிஸ்துநாயகத்தின் உபதேச ஆராய்ச்சி

எந்தச் சபைப் பிரிவு சரியானது என்ற கேள்விக்கு இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்குள் முடிவு கண்டுவிட வேண்டும் என்று உலகில் ஒருவர்தான் துணிந்தார். அவர் கனடாவின் ஸ்காபரோவில் பதினான்காம் மாடியில் வசித்த திரு. கிறிஸ்துநாயகம். மகாநாடுகள் பல கூடியும் கைவிட்ட அந்தத் திருப்பணியை, ஒரு பழைய டொயோட்டாவையும் மனைவி யூஜினியையும் மட்டும் துணையாகக் கொண்டு, 1994ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அவர் தொடங்கினார்.

"சபை எண்டது சட்டை இல்லை யூஜினி, போட்டுப் பாத்து எடுக்க. உபதேசம் பாக்கோணும்," என்றார். பிறகு ஞாயிறுதோறும் போட்டுப் பார்த்தார்.

முதல் சபையில் தொட்டியில் முழுக்காட்டி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். "அப்ப ஊரில எனக்குத் தலையில தெளிச்சது கணக்கில்லையோ?" என்று கேட்டுவிட்டு வெளியேறினார். இரண்டாவது சபையில் நகை அணியக் கூடாது என்றார்கள். யூஜினியின் தாலியைக் கழற்ற அவர் உடனே சம்மதித்தார். அவருடைய மோதிரத்தையும் கழற்றச் சொன்ன பிறகுதான் உபதேசத்தில் பிழை தெரிந்தது.

மூன்றாவது, நடந்து போகும் தூரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு தேவாலயத்தில் பின்னேரம் கூடும் தமிழ்ச் சபை. முதல் பாட்டிலேயே யூஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து தமிழில் வாய்விட்டு ஜெபிக்க ஏங்கிக் கிடந்தவள் அவள். கிறிஸ்துநாயகமும் பாட்டு, பிரசங்கம், பின்னறையில் பொரித்த ரோல்ஸ் பலகாரத்தின் வாசனை எல்லாவற்றையும் 'வேதத்துக்கு இசைவானவை' என்று அங்கீகரித்தார்.

எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கும் திருவிருந்துக்கு எழுந்து வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவர் திரும்பி, "அண்ணை, சுகமோ?" என்றார். அவர்களுடைய ஊர்ச் சீமோன். சீமோன் வாய் வைத்துக் குடித்த பாத்திரம் அடுத்துத் தன்னிடம் வந்தபோது கிறிஸ்துநாயகத்துக்குப் பயங்கரமான இருமல் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் நின்றது.

"உபதேசம் சரியில்லை."

"எதில பிழை?"

"திருவிருந்தில. உதெல்லாம் ஆழமான விசயம், உனக்கு விளங்காது."

ஆராய்ச்சி யூனியன்வில்லில் ஒரு வெள்ளைக்காரர் சபையில் நிறைவுபெற்றது. அங்கேயும் ஒரே பாத்திரம்தான். பெயர்கூடத் தெரியாத நாற்பது பேரின் உதடுகளைத் தாண்டி வந்ததை அவர் கண்ணை மூடி, பக்தியோடு, சற்றுக் கூடுதலாகவே குடித்தார். உபதேசத்தில் பிழையும் இல்லை, தொண்டையில் இருமலும் இல்லை. யூஜினியோடு மட்டும் அங்கே ஒருவரும் குளிரைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசவில்லை. அவள் ஒவ்வொரு ஞாயிறும் அழுதுகொண்டு திரும்பினாள்.

பொறுத்துப் பார்த்தாள். ஒரு ஞாயிறு கோட்டை மாட்டிக்கொண்டு தனியே தமிழ்ச் சபைக்கு நடந்து போனாள். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"திருவிருந்து எடுத்தனியோ?" என்று கேட்டார் கிறிஸ்துநாயகம்.

"ஓம்."

"உனக்கு முன்னால ஆர் நிண்டது?"

"சீமோன் அண்ணை."

கிறிஸ்துநாயகம் எழுந்து நின்று தீர்ப்பளித்தார். "அப்ப இண்டையிலயிருந்து இந்த வீட்டில எனக்குத் தனிப் பாத்திரம்!"

யூஜினி கணவன் சொல்லைத் தட்டாதவள். குசினிக்குள் போனாள். காலையில் சம்பலுக்குத் துருவிய தேங்காயின் சிரட்டையைக் கழுவி, அதற்குள் தேத்தண்ணி வார்த்துக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள்.

"சீமோன் அண்ணையின்ர தகப்பனுக்கு உங்கட வீட்டில இதுக்குள்ளதானே வாத்தவை," என்றாள். "தனிப் பாத்திரம். உபதேசம் சரியோ எண்டு பாத்துக் குடியுங்கோ."